குழந்தைராஜ் நிரவிய மனை

ஒரத்தநாட்டுப் பக்கம் ஏதாவது கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ நீங்கள் போயிருந்தால், பெரும்பாலும் குழந்தைராஜின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. முதுகுப் பக்கம் வெள்ளைப் பெயிண்டில் 'லின்சி பந்தல்' என்று எழுதியிருக்கும். லின்சி அவருடைய ஒரே மகள். அவள் பெயர் போகாத ஊர் அந்த வட்டாரத்தில் இல்லை. அவள் போன ஊர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

பிறக்கும்போது மூச்சு வரத் தாமதமானதில் லின்சிக்கு இரண்டு கால்களும் விளங்காமல் போய்விட்டன. கையும் வாயும் நன்றாக வேலை செய்யும். வாய் கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்யும் என்பாள் அவள் அம்மா அருள்செல்வி. அஞ்சல்வழியில் பி.காம். முடித்துவிட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அப்பாவின் தொழிலை போனில் நடத்துகிறாள். யாருக்கு எத்தனை சேர், எத்தனை அண்டா, திரும்பி வந்ததில் எந்தக் கரண்டியைக் காணோம் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். குழந்தைராஜுக்குப் பந்தல் போடத் தெரியும், பிரிக்கத் தெரியும். நடுவில் உள்ளதெல்லாம் மகள் பொறுப்பு.

நான் கமருன்னிஸா. சொந்த ஊர் அதிராம்பட்டினம். தஞ்சாவூரில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மனை ஆய்வு சொல்லிக்கொடுக்கிறேன். அப்படி ஒரு பாடம் இருக்கிறதா என்று எங்கள் வீட்டிலேயே இன்னும் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். கட்டடத்தை வரைவதற்கு முன்னால் அது நிற்கப்போகிற இடத்தைப் படிப்பதுதான் அந்தப் பாடம். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, காற்று எதைத் தாண்டி வருகிறது, மழைத் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போய் நிற்கிறது, ஆட்கள் குறுக்கே நடந்து நடந்து எங்கே தடம் போட்டிருக்கிறார்கள், ஆடு எந்த நிழலில் படுக்கிறது. இதெல்லாம் தெரிந்த பிறகுதான் பென்சிலை எடுக்க வேண்டும்.

பிள்ளைகளோ மனையைப் பார்க்கும் முன்பே மனசுக்குள் ஒரு வீட்டைக் கட்டிக் குடியேறியிருப்பார்கள். அப்புறம் அந்த வீட்டுக்குத் தோதாக மனையில் காரணம் தேடுவார்கள். வெயிலுக்கு ஒரு மஞ்சள் அம்பு, காற்றுக்கு ஒரு நீல அம்பு, போன வருஷத்து அண்ணன்மார் தாளைப் பார்த்து அப்படியே போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒரு வருஷம் வகுப்பு முழுக்க வடக்கைத் தெற்காகப் போட்டிருந்தது. ஒருத்தன் தப்பாகப் போட்டதைப் பார்த்து எல்லோரும் போட்டதுதான். அதனால் எனக்கு ஒரு சட்டம் உண்டு. மனைக்குப் போகும் முதல் நாள் பேப்பர், டேப், செல்போன் எதையும் தொடக்கூடாது. நிற்க வேண்டும், நடக்க வேண்டும், உட்கார வேண்டும், அவ்வளவுதான். இதற்குப் பிள்ளைகள் 'மேடத்தோட மௌன விரதம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குழந்தைராஜ் எங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட வந்தவர். உச்சி வழுக்கை, முழங்கை வரை மடித்த சட்டை, கழுத்தில் ஒரு மாதா டாலர். வேலை முடிந்தும் போகாமல், பிள்ளைகள் செய்து வைத்திருந்த அட்டை வீடுகள் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு வீட்டையே குனிந்து குனிந்து பார்த்தார்.

"மேடம், இதுல படி வைக்க மறந்துட்டாங்களா?" என்றார்.

"இல்லீங்கண்ணே, வேணும்னுதான் வைக்கல. சாய்தளம் போட்டிருக்காங்க."

"படியில்லாம வீடு கட்ட முடியுங்களா? தண்ணி நிக்கிற ஊர்ல?"

அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதத்தில் நான் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன். அங்கேயே, அவருடைய நாற்காலிகளில் உட்கார்ந்து, அவர் எனக்கு எல்லாவற்றையும் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெளியே வைக்க ஒரே வழி வீட்டை உயர்த்துவது. ரோடு போடப் போட ரோடு உயரும், அதைப் பார்த்து வீடும் உயரும். குழந்தைராஜின் தெருவும் அப்படித்தான் உயர்ந்தது. அவர் வீட்டு வாசலில் ஐந்து படி. வெயில் காலத்தில் இரண்டு பலகையைச் சாய்த்து வைத்து லின்சியை இறக்கிவிடுவார்கள். மழைக்காலத்தில் தெருவே சேறு, பலகை வழுக்கும். ஐப்பசியில் உள்ளே போனால் தை பிறந்துதான் வெளியே வருவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கிறிஸ்துமஸ் பூசைக்கும் மட்டும் குழந்தைராஜ் அவளைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவார். பந்தல் கம்பு தூக்கித் தூக்கி அவருடைய முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. இனிமேல் கனமாக எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பு தூக்குவதை விட்டுவிட்டார், மகளைத் தூக்குவதை விடவில்லை.

"இன்னும் எத்தனை வருசம் மேடம் தூக்கிற முடியும்?" என்றார். "எனக்கப்புறம் அது அந்த அஞ்சு படிக்கு மேலயே கெடந்துரும்."

ஊருக்குச் சற்று வெளியே ரோட்டோரம் ஒரு மனை வாங்கியிருந்தார். ஒரு பக்கம் ரோடு, எதிர்ப் பக்கம் வாய்க்கால். கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கத்தில் புது ஆறு என்பார்கள். அதிலிருந்து பிரியும் வாய்க்கால் அது. மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, நடு மனையில் நாலு அடி மண் அடித்து உயர்த்தித்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். சக்கர நாற்காலியில் ஒருவர் தானே ஏற வேண்டுமென்றால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சாய்தளம் வேண்டும். நாலு அடிக்கு நாற்பத்தெட்டு அடி. மழையில் நனைந்து பாசி பிடிக்கும் நாற்பத்தெட்டு அடி. பிறகு அவர்கள் வீட்டில் இதை நான் சொன்னபோது லின்சி, "வீட்டுக்குள்ள போறதுக்கே ஒரு தெரு போடணும்போல" என்றாள்.

அந்த வருஷம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அதுவே பாடம் என்று நான் முடிவு செய்தேன். லின்சி யாரையும் கூப்பிடாமல் மழைக்காலத்தில் வெளியே போய்வரக்கூடிய வீடு. அதற்கு அந்த மனை எங்கே இடம் கொடுக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் நான் மட்டும் போய் ரோட்டில் நின்று மனையைப் பார்த்துவிட்டு வந்தேன். இடுப்பளவு புதர். நடுவே கோணலாக ஓர் ஒற்றையடித் தடம். அங்கங்கே சின்னச் சின்னப் பள்ளம். ஒரு மூலையில் வேப்பமரம். கண்ணுக்கு எட்டிய வரை செடியும் கொடியும். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. இப்படி ஒரு மனை கிடைத்தால் ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம். சனிக்கிழமை பிள்ளைகளோடு வருகிறேன் என்று குழந்தைராஜிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

ஆனி மாதம், மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். புதரைக் காணோம். தடத்தைக் காணோம். மனை கேரம் போர்டு மாதிரி பளபளவென்று கிடந்தது. ரோட்டிலிருந்து வாய்க்கால் வரை நீலமும் வெள்ளையுமாக ஒரு பந்தல், அதன் கீழே வரிசை வரிசையாகச் சிவப்பு நாற்காலி, ஒரு பெரிய டிரம்மில் ரோஸ் மில்க். ஒலிபெருக்கியில் மாதா பாட்டு. வேப்பமரத்துக்குச் சுண்ணாம்பும் காவியும் அடித்திருந்தார்கள். குழந்தைராஜ் சலவைச் சட்டையில், கையில் பன்னீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே," என்றேன். "இங்க இருந்த செடியெல்லாம் எங்கண்ணே?"

"எடுத்தாச்சு மேடம்! ஜேசிபி விட்டு நேத்தே நிரவிட்டேன். பள்ளம் மேடு ஒண்ணு கிடையாது. புள்ளைங்க செருப்பில்லாமகூட நடக்கலாம்."

"நாங்க பாக்க வந்ததே அந்தப் பள்ளம் மேட்டைத்தானே!"

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், அப்புறம் குரல் ஏறும். இரண்டும் நடந்தன. தண்ணீர் எங்கே நின்றது என்று சொல்ல இருந்த செடிகள் போயின, நடந்தவர்கள் தடம் போயிற்று, பள்ளம் எல்லாம் மூடிவிட்டது. வைத்தியரைப் பார்க்கப் போகும்போது வலியை மறைத்துக்கொண்டு, பவுடர் பூசிக்கொண்டு போகிற ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களை நினைத்துக்கொண்டேன்.

குழந்தைராஜின் முகம் விழுந்துவிட்டது. "முள்ளுலயும் சேத்துலயும் புள்ளைங்கள நிக்க வைக்கிறதா மேடம்? வர்றவங்களுக்கு அதுவா மரியாதை?" என்றார். "என் தொழிலே அதுதானே மேடம். எவ்வளவு கேடுகெட்ட தரையா இருந்தாலும் விரிப்பு போட்டு மறைச்சு, வர்றவங்கள உக்கார வைக்கிறது."

வேப்பமர நிழலில் சக்கர நாற்காலியில் இருந்த லின்சி சிரித்தாள். "நான் சொன்னேன் மேடம், அப்புடியே விடுங்கப்பான்னு. கேட்டாத்தானே? நம்ம வீட்டு விசேஷம்ங்கிறாரு."

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மௌன விரதமாவது ஒன்றாவது, ஆளுக்கொரு நாற்காலியைப் பிடித்து ரோஸ் மில்க் குடித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் பிரியாணி வந்தது. நான் சாப்பிடப் போவதில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அருள்செல்வி தட்டோடு வந்து, "இது காதர் மைதீன் பாய் கடையில சொன்னது மேடம். நீங்க சாப்புடணும்னு அவருதான் நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்தாரு" என்றாள். அந்தக் கடை அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். நான் சாப்பிட்டேன். கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அந்தப் பந்தல் வேறொரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. சாப்பிட்ட சாப்பாட்டுக்காவது வேலை செய்யுங்கள் என்று பிள்ளைகளைப் பந்தல் பிரிக்க விட்டேன். மனை முழுக்க வரிசையாகச் சவுக்குக் கம்புகள். கடப்பாரையால் ஆழமாகக் குழி போட்டு ஊன்றியிருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஆட்டிப் பிடுங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம். அருள்ஜோதி. வேதாரண்யத்துப் பெண். எங்கள் வகுப்பில் சத்தம் கேட்டால் அது அவளாகத்தான் இருக்கும்.

"மேடம், என் சுடிதாரப் பாருங்க! வெள்ளைச் சுடிதார்!" என்றாள். "எனக்குக் கொடுத்த கம்பு மட்டும் ஏன் இப்படிச் சேறா இருக்கு? சேரன் தூக்கிட்டுப் போறான் பாருங்க, அவன் கம்பு காஞ்சு கெடக்கு. அவனுக்கு மட்டும் நல்ல கம்பா?"

திரும்பிப் பார்த்தேன். சேரன் ரோட்டுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த கம்பின் அடியில் வெளுத்த மணல் ஒட்டி, உதிர்ந்துகொண்டிருந்தது. அருள்ஜோதி வாய்க்கால் பக்கத்திலிருந்து பிடுங்கிய கம்பில் முழங்கை உயரத்துக்குக் கறுப்புக் களிமண், ஈரம் சொட்டியது. இரண்டும் ஒரே மனையிலிருந்து வந்தவை. மேலே பார்த்தால் ஒரே தரை.

நான் வாயைத் திறப்பதற்குள் லின்சி கத்தினாள்: "எடுத்த கம்ப எல்லாரும் அந்தந்தக் குழிப் பக்கத்துலயே போடுங்க! வண்டியில ஏத்தாதீங்க! கலந்துட்டா போச்சு!"

திரும்பி வரும் சாமான்களைக் கலக்கவிடாமல் வைப்பது அவளுக்குப் பழகிய வேலை. அது அன்று எங்களைக் காப்பாற்றியது. பிள்ளைகள் கம்புகளை அந்தந்தக் குழிக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்தார்கள். ரோட்டிலிருந்து வாய்க்கால் வரை வரிசையாக நடந்து பார்த்தோம். ரோட்டை ஒட்டிய கம்புகள் எல்லாம் மணல். நடுவில் மணலும் களியும் கலந்து. வாய்க்கால் பக்கம் போகப் போகக் களி, குழிக்குள் ஊற்றுத் தண்ணீர். பிள்ளைகள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நான் ஒரு வருஷம் கத்தினாலும் வராத மௌனம் தானாக வந்தது. என் மீதிக் கோபமும் போன இடம் தெரியவில்லை. குழந்தைராஜ் போட்ட பந்தலே எங்களுக்கு மண் சோதனைக் குழி தோண்டிக் கொடுத்திருந்தது. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அருள்ஜோதியின் சுடிதார் அழுக்காகாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அவரே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இன்னும் எங்க மேடம் குழி போடணும்? சொல்லுங்க" என்றார். முதுகு, முதுகு என்று அருள்செல்வி கத்தியதும் பையன்கள் அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். கல்யாணப் பந்தல் அன்று தாமதமாகத்தான் போயிற்று. லின்சி போன் செய்து அவர்களிடம் என்ன பொய் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் போனோம். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயை வைத்து மட்டம் பிடித்தோம். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த மனை வாய்க்காலைப் பார்த்து நன்றாகவே சரிந்திருந்தது. ரோட்டை ஒட்டி, மனையின் நீளத்துக்கும் ஓடிய மணல் பட்டை மட்டும் ரோட்டு உயரத்துக்கே இருந்தது. எப்போதோ ஆறு ஒதுக்கிவிட்டுப் போன மணலாக இருக்கலாம். வாய்க்கால் மதகுச் சுவரில், எத்தனையோ வெள்ளம் வந்து விட்டுப்போன பாசிக் கோடுகள் இருந்தன. ஜேசிபியால் அழிக்க முடியாத அந்தக் கோடுகளில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கோட்டைவிட மணல் பட்டை உயரமாக இருந்தது. மேஸ்திரி சொன்னதும் தப்பில்லை. அவர் நடு மனைக்குக் கணக்குச் சொன்னார், அங்கே நாலு அடி வேண்டும்தான். வீட்டை அங்கே வைக்காமல் ரோட்டோரம் நீளவாக்கில் வைத்தால் ஒரு சாண் உயரம் போதும். நாற்பத்தெட்டு அடி சாய்தளம் தேவையில்லை. வாசலில் லேசான ஒரு சரிவு, அவ்வளவுதான். மனையின் தாழ்ந்த பக்கத்தை அப்படியே விட்டுவிட்டால் தண்ணீர் வந்து நின்றுவிட்டுத் தானாக வடியும். தஞ்சாவூரில் பொறியாளராக இருக்கும் என் தோழி ஒருத்தி வந்து எல்லாவற்றையும் சரிபார்த்து, இப்படியே கட்டலாம் என்றாள்.

ஒரு நாள் முழுக்கப் பிள்ளைகள் லின்சியோடு இருந்தார்கள். அவள் நாற்காலி திரும்ப எவ்வளவு இடம் வேண்டும், கை எட்டும் உயரம் எது, எந்தக் கதவை அவளால் தள்ள முடிகிறது என்று சுண்ணாம்புக்கட்டியால் தரையெல்லாம் வரைந்தார்கள். அப்போது அருள்ஜோதி அவளிடம் கேட்டாள், "அக்கா, அப்பா தூக்கிட்டுப் போறது உங்களுக்குப் புடிக்காதா?"

"யார் சொன்னா? ரொம்பப் புடிக்கும்" என்றாள் லின்சி. "ஆனா அவரு வர்றப்ப நான் போறேன். நான் நெனைக்கிறப்ப போவணும். அதான்."

பிள்ளைகள் வரைந்ததைக் காட்ட குழந்தைராஜின் சாமான் கொட்டகையில் கூடினோம். அண்டாக்களுக்கும் நாற்காலி அடுக்குகளுக்கும் நடுவே கயிறு கட்டித் தாள்களைத் தொங்கவிட்டிருந்தோம். நான் நினைத்ததுபோல அவர் சந்தோஷப்படவில்லை. தாள்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் மனசில் இருந்த வீடு நடு மனையில், கிழக்குப் பார்த்து, முன்னால் பெரிய போர்ட்டிகோ வைத்த வீடு. வருகிறவர்கள் உட்கார அங்கே நிறைய இடம் இருக்கும். மகளின் அறை பின்னால், அமைதியாக.

"ரோட்டு மேலயேவா?" என்றார் கடைசியில். "போறவன் வர்றவன்லாம் எம்பொண்ணப் பாப்பானே மேடம்."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கோயிலிலும் பஸ்ஸிலும் மகளைப் பார்த்துப் 'பாவம்' என்று சொன்ன ஒவ்வொரு முகமும் அவருக்கு நினைவிருக்கிறது. அந்த முகங்களிலிருந்து அவளை மறைத்து வைக்கத்தான் அவ்வளவு பெரிய வீட்டை நினைத்திருந்தார்.

"பாக்கட்டும்ப்பா," என்றாள் லின்சி. "நானும் அவங்களப் பாப்பேன்ல."

குழந்தைராஜ் வெளியே போய்விட்டார். அருள்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் டீ ஊற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் உள்ளே வந்து, தொங்கிய தாளில் ரோட்டோரம் விரலை வைத்தார். "வீடு இங்கன்னா வண்டிய எங்க நிறுத்தறது? சாமான் ஏத்தணுமே?" என்றார். அவ்வளவுதான், அவர் சம்மதித்துவிட்டார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சேரன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

குழந்தைராஜ் ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாதவர். ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு வருஷா வருஷம் சும்மாவே பந்தல் போட்டுத் தண்ணீர் கொடுப்பவர். இருந்தாலும் ஆடி மாதத்தில் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மேஸ்திரி சொல்கிறார் என்று சாக்கு வேறு. ஆவணி பிறந்ததும் பங்குச் சாமியார் வந்து மந்திரித்து முதல் கல்லை வைத்தார்கள். இரண்டாவது கல்லை என்னை வைக்கச் சொன்னார் குழந்தைராஜ். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கட்டடம் பற்றிப் பாடம் எடுக்கிறேன், யாரும் என் கையில் கல் கொடுத்ததில்லை.

அடுத்த சித்திரையில் குடிபோனார்கள். பார்ப்பதற்கு அழகான வீடு என்று நான் சொல்ல மாட்டேன். ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். போர்ட்டிகோ கிடையாது, வண்டி நிற்க ஓரமாக ஓர் இடம் மட்டும். லின்சியின் அறைதான் ரோட்டைப் பார்த்த முதல் அறை. அவளுக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள். வாசலில் படி இல்லை.

எனக்கு இந்த மனிதரிடம் உள்ள நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தன் வாழ்நாளின் வீட்டை, பத்தொன்பது வயசுப் பிள்ளைகள் சொன்னார்கள் என்று இடம் மாற்றி வைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? கத்தினேன், அதற்காக ஒரு நாளும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. என் பிள்ளைகள் அந்த வருஷத்தோடு நீல அம்பு, மஞ்சள் அம்பு போடுவதை விட்டார்கள். மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். நானும் கொஞ்சம் மாறித்தான் போனேன். அந்தப் பாடத்தை எடுத்து எடுத்து அலுத்துப்போய், வேறு வேலைக்குப் போய்விடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த நினைப்பு இப்போது வருவதில்லை.

போன ஐப்பசியில், ஒரு மத்தியானம், நல்ல மழை. வகுப்பில் இருந்தேன். குழந்தைராஜிடமிருந்து போன். வகுப்பு நேரத்தில் அவர் கூப்பிடவே மாட்டார். வெளியே வந்து எடுத்தேன்.

"மேடம்," என்றார். மூச்சு வாங்கியது. "லின்சியக் காணோம்னு..."

"என்னண்ணே? என்னாச்சு?"

"இல்ல மேடம், இருக்கு, இருக்கு. கெடச்சிருச்சு. பயப்படாதீங்க." கொஞ்சம் நிதானித்துச் சொன்னார். சாப்பிட வீட்டுக்கு வந்திருக்கிறார். அருள்செல்வி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. உள்ளே நாற்காலியும் இல்லை, மகளும் இல்லை. போனை மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். குடையைக்கூட எடுக்காமல் ரோட்டில் ஓடியிருக்கிறார். கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டிருக்கிறார்.

"பஸ் ஸ்டாப்புல பொன்னுத்தாய் கடை இருக்குல்ல மேடம், அங்க உக்காந்திருக்கு. பிளாஸ்டிக் தாள தலையில போட்டுக்கிட்டு, வாழக்கா பஜ்ஜி தின்னுக்கிட்டு, கடைக்காரம்மாகிட்ட கத பேசிக்கிட்டு! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நல்லாத் திட்டிப்புட்டேன். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவக் கூடாதான்னு கேட்டேன். அதுக்கு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'ஊர்ல மத்த பொண்ணுங்கள்லாம் சொல்லிட்டாப்பா போறாங்க?'ங்குது."

போனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"இருவத்திரெண்டு வருசம் மேடம். எங்க விட்டுட்டுப் போனேனோ அங்கயேதான் இருக்கும். இன்னைக்குத்தான் மேடம் எம்பொண்ண நான் தேடுனேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மேடம், இருக்கீங்களா?"

"இருக்கேண்ணே."

"புள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க மேடம்."

"என்னன்னு சொல்ல?"

"லின்சி அப்பாகிட்ட சொல்லாம பஜ்ஜி தின்னப் போயிருச்சாம்னு சொல்லுங்க."

அந்தப் பிள்ளைகள் இப்போது வேறு வகுப்பு, மேல்மாடியில் இருக்கிறார்கள். படியேறிப் போய், அங்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தவரிடம் ஒரு நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.